சுண்ணாம்புக் கல்லும் ஒரு குடம் தண்ணீரும்: ரசாயனம் கொட்டினால் முதலில் என்ன செய்வது?

பொங்கல் நெருங்கினால் எங்கள் தெருவில் வெள்ளையடிப்பு தொடங்கிவிடும். கடையில் வாங்கிவந்த சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் பழைய தொட்டியில் போட்டு, பாட்டி ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார். ஒரு நொடி ஒன்றும் நடக்காது. அப்புறம் கல் வெடிப்பு விடும், ஆவி கிளம்பும், தண்ணீர் தளதளவென்று கொதிக்கும். அடியில் விறகும் இல்லை, நெருப்பும் இல்லை. "தள்ளி நில்லு, கண்ணுல தெறிச்சா கண்ணே போயிடும்" என்று எங்களைத் துரத்துவார். ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பு தண்ணீரோடு சேரும்போது வெளியேறும் வெப்பம், மூன்று லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும் என்பது பிறகு பாடத்தில் படித்தது. பாட்டிக்குக் கணக்கு தெரியாது. எந்தப் பொருள் தண்ணீரைக் கண்டால் சீறும் என்பது தெரியும்.

ரசாயனக் கசிவு என்றால் என்ன, அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று புதிதாகக் கேட்பவர்களுக்கு நான் இந்தத் தொட்டியிலிருந்துதான் தொடங்குவேன். ஏதாவது கொட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவு, தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணை என்று நம் கை பழகியிருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூறு முறை அது சரிதான். மிச்சமுள்ள பத்தில்தான் ஆட்கள் சாகிறார்கள்.

அப்படி ஒரு நாள்: 1980 ஏப்ரல் 3. அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஒட்டியுள்ள சோமர்வில்லில், ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டில் ஒரு டேங்கர் பெட்டி மோதலில் ஓட்டையானது. உள்ளே இருந்தது பாஸ்பரஸ் டிரைகுளோரைடு. பூச்சிக்கொல்லி உள்ளிட்ட பல பொருள்களைத் தயாரிக்க உதவும், நிறமற்ற, புகையும் திரவம். இதற்குத் தண்ணீர் ஆகவே ஆகாது. இதன் ஒரு மூலக்கூறு மூன்று தண்ணீர் மூலக்கூறுகளோடு சேர்ந்தால் பாஸ்பரஸ் அமிலமும் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் கிளம்பும். காற்றின் ஈரமே போதும், குழாய் கூட வேண்டாம். ஆரம்பத்தில் தண்ணீரும் பீய்ச்சப்பட்டது. வெள்ளை மேகம் பெரிதானது. பக்கத்துப் பகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 23,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் கண்ணெரிச்சல், மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். கடைசியில் கைகொடுத்தது சோடா சாம்பல், அதாவது சோடியம் கார்பனேட். அமிலத்தை மட்டுப்படுத்தும் காரத்தூள். விமான நிலையத்தில் பனியை வாரி வீசும் இயந்திரங்களைக் கொண்டுவந்து அந்தத் தூளைக் கசிவின் மேல் வீசினார்கள். இந்தக் காட்சியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. கொட்டியது என்ன என்று புரிந்ததால்தான், பனி வாரும் இயந்திரம் ஆயுதம் ஆகும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

நச்சு வேறு, வினை வேறு

ஒரு ரசாயனத்தின் ஆபத்தை இரண்டு கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால் பாதி தெளிவு வந்துவிடும். ஒன்று, அது உடம்பை என்ன செய்யும்? இது நச்சுத்தன்மை. இரண்டு, அது மற்ற பொருள்களை என்ன செய்யும்? இது வினைத்தன்மை. பெட்ரோல் தீப்பிடிக்கும், ஆனால் தண்ணீர் பட்டதற்காகச் சீறாது. சுண்ணாம்பு சீறும், ஆனால் நச்சு வாயு தராது. இரண்டும் ஒரே பொருளில் கூடும்போதுதான் மீட்பு வேலை சிக்கலாகிறது. நச்சை விரட்டப் போடும் பொருளே வினையைக் கிளப்பிவிடக்கூடும்.

வினை நான்கு வழிகளில் வரலாம். தண்ணீரோடு வரும் வினையைப் பார்த்துவிட்டோம். நம் ஊர்க் கிடங்குகளில் நெல்லுக்கும் பருப்புக்கும் வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையும் இதே வகைதான். ஈரம் பட்டால் பாஸ்பீன் என்ற கொடிய வாயு வரும். மாத்திரை டப்பா உடைந்து சிதறினால் ஈரத்துணியால் துடைப்பது மிக மோசமான யோசனை.

இரண்டாவது, வேறொரு ரசாயனத்தோடு. கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கொட்டினால் குளோரின் வரும். தனித்தனியாக இரண்டும் கடையில் கிடைக்கும் சாதாரணச் சாமான்கள்தான். சூரத்தின் சச்சின் தொழிற்பேட்டையில் 2022 ஜனவரி 6 அதிகாலை, ஒரு டேங்கரிலிருந்து ரசாயனக் கழிவைத் திருட்டுத்தனமாகச் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். அதிலிருந்து கிளம்பிய நச்சு வாயு பக்கத்து ஆலையில் 6 தொழிலாளர்களைக் கொன்றது. சாக்கடையில் ஏற்கெனவே என்னென்ன ஓடுகிறது என்று ஊற்றுகிறவனுக்குத் தெரியாது. கசிவைச் சாக்கடைக்குள் கழுவிவிடக் கூடாது என்று பயிற்சியில் தலையில் குட்டிக் குட்டிச் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, மரத்தூள், துணி, சாக்கு மாதிரி எரியக்கூடிய சாதாரணப் பொருள்களோடு. எண்ணெய் கொட்டினால் மரத்தூள் போட்டு உறிஞ்சுவது ஒர்க்‌ஷாப் வழக்கம். அதே பழக்கத்தில் அடர் நைட்ரிக் அமிலத்தின் மேல் மரத்தூளைக் கொட்டினால் செம்பழுப்புப் புகை கிளம்பும், தீயும் பிடிக்கலாம்.

நான்காவது, தன்னோடு தானே. இதுதான் புதியவர்களுக்கு நம்பக் கடினமாக இருக்கும். ஸ்டைரீன் என்ற திரவத்தின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காக மாறும் குணமுள்ளவை. கோக்கும்போது வெப்பம் வரும், வெப்பம் வந்தால் கோப்பு வேகமாகும். அதை அடக்கத் தடுப்பான் ஒன்றைச் சேர்த்து, குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டும். 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தில், ஊரடங்கில் நின்றுகிடந்த ஆலையின் தொட்டியில் இந்தச் சங்கிலி ஓடத் தொடங்கியது. ஆவி சுற்றியுள்ள குடியிருப்புகளுக்குள் புகுந்து 12 பேர் இறந்தார்கள். அந்த வினையை நிறுத்த என்ன செய்தார்கள் தெரியுமா? டெர்ஷியரி பியூட்டைல் கேட்டகால் என்ற தடுப்பான் ரசாயனத்தைக் குஜராத்திலிருந்து விமானத்தில் வரவழைத்தார்கள். பொருளின் பெயர் தெரிந்திருந்ததால் அதன் தடுப்பானும் தெரிந்திருந்தது. அதைத் தொட்டிக்குப் பக்கத்திலேயே போதுமான அளவு வைத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம், வருத்தமான விஷயம்.

முதல் ஐந்து நிமிடம்

நெடுஞ்சாலையில் டேங்கர் கவிழ்ந்து கிடக்கிறது. ஏதோ புகைகிறது, அல்லது ஒழுகுகிறது. நீங்கள் முதலில் பார்த்தவர். என்ன செய்ய வேண்டும்?

ஓடிப்போய் உதவத்தான் மனசு சொல்லும். அந்த மனசை நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் ரசாயனக் கசிவில் முதலில் ஓடுகிறவர் பெரும்பாலும் இரண்டாவது நோயாளி ஆகிறார். அவரைத் தூக்கப் போகிறவர் மூன்றாவது. கழிவுநீர்த் தொட்டி மரணங்களில் ஒருவர் பின் ஒருவராக இறங்கிச் செத்த செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம். அதே கதைதான் இங்கேயும்.

முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். பக்கத்தில் கட்சிக்கொடி பறக்கும், டீக்கடைப் புகை சாயும், இல்லையென்றால் ஒரு பிடி மண்ணைத் தூவிப் பார்க்கலாம். காற்று உங்கள் முதுகில் பட்டு, உங்களைத் தாண்டிக் கசிவை நோக்கிப் போக வேண்டும். அப்படி ஒரு பக்கத்துக்கு நகருங்கள். ஏற்கெனவே புகை உங்கள் மேல் வந்துகொண்டிருந்தால், அதோடு போட்டிபோட்டு நேராக ஓடாதீர்கள். குறுக்காக விலகுங்கள். புகைப்பாதை நீளமாக இருக்கும், அகலம் குறைவாகவே இருக்கும். கடலோர ஊர்களில் இன்னொன்றையும் மனசில் வைக்க வேண்டும். பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று இரவில் திரும்பிவிடும். மாலையில் பாதுகாப்பாக இருந்த இடம் நள்ளிரவில் அப்படி இருக்காது.

அப்புறம் மேடு. குளோரின் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு கனம். பள்ளம், சாக்கடை, பாலத்தின் அடி என்று தேடிப்போய்த் தங்கும். அதனால் மேட்டில் நிற்க வேண்டும், மாடி இருந்தால் மாடிக்குப் போக வேண்டும். அம்மோனியா காற்றைவிட லேசானது, மேலே போய்விடும் என்று பாடப்புத்தகம் சொல்லும். திரவமாகக் கொட்டும் அம்மோனியா கழித்தல் 33 டிகிரியில் கொதிப்பது. அது கிளப்பும் உறைகுளிர் மூடுபனி தரையோடு தவழ்ந்துதான் வரும். லேசான வாயுதானே என்று நின்றுவிடக் கூடாது.

எவ்வளவு தூரம்? பயிற்சியில் ஒரு எளிய அளவு சொல்லித்தருவார்கள். கையை முன்னால் நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விபத்து முழுவதும் விரலுக்குப் பின்னால் மறைய வேண்டும். மறையவில்லை என்றால் இன்னும் கிட்டத்தில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். அமெரிக்கா, கனடா, மெக்சிகோ நாடுகளின் போக்குவரத்துத் துறைகள் மீட்புப் பணியாளர்களுக்காக நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் கையேடு ஒன்று உண்டு. என்ன பொருள் என்றே தெரியாத கசிவுக்கு எல்லாத் திசையிலும் குறைந்தது 100 மீட்டர் விலகச் சொல்கிறது அது. அதே கையேட்டில் காற்றோடு பரவும் தூரம் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். சிறிய அம்மோனியா கசிவென்றால் பகலில் 100 மீட்டர், இரவில் 200 மீட்டர். இரவில் காற்று கலங்காமல் அடுக்கடுக்காகப் படுத்துக்கிடக்கும், வாயு கரையாமல் நெடுந்தூரம் போகும்.

அந்தத் தூரத்திலிருந்து 112-க்கு அழையுங்கள். தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108. "லாரி கவுந்துருச்சு" என்பதோடு நிறுத்தாமல் இடம், காற்றின் திசை, புகையின் நிறம், எத்தனை பேர் விழுந்துகிடக்கிறார்கள், முக்கியமாக வண்டியின் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லுங்கள். பீடி, சிகரெட் வேண்டாம். வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். பக்கெட்டோடு ஓடிவருகிறவர்களைக் கையைப் பிடித்தாவது நிறுத்துங்கள். 2017 ஜூன் 25 அன்று பாகிஸ்தானின் பகாவல்பூர் அருகே கவிழ்ந்த டேங்கரிலிருந்து பெட்ரோலைப் பிடிக்கக் கூடியவர்களில் 200-க்கும் மேற்பட்டோர் தீயில் இறந்தார்கள். ஏழைகள். நினைத்தாலே மனசு பதறுகிறது.

வண்டியின் முதுகில் எழுதியிருப்பது

டேங்கர் லாரிக்குப் பின்னால் போகும்போது அதன் பின்புறமும் பக்கவாட்டிலும் கட்டம்போட்ட பலகை ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிக்குக் கட்டாயமாக்கிய அவசரத் தகவல் பலகை அது. பொருளின் சரியான பெயர், நான்கு இலக்க யு.என். எண், ஆபத்தைக் காட்டும் சாய்சதுரப் படம், அனுப்பியவரின் தொலைபேசி, நிபுணர் ஆலோசனைக்கான தொலைபேசி எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

அந்த நான்கு இலக்க எண்தான் உயிர்நாடி. ஐக்கிய நாடுகள் சபையின் நிபுணர் குழு ஒவ்வொரு ஆபத்தான பொருளுக்கும் கொடுத்த எண். மொழி தெரியாத ஊரிலும் அது மாறாது. அம்மோனியா 1005, குளோரின் 1017, பெட்ரோல் 1203, கந்தக அமிலம் 1830. சோமர்வில்லில் கொட்டிய பாஸ்பரஸ் டிரைகுளோரைடு 1809. எண்ணைச் சொன்னால் போதும், மறுமுனையில் இருப்பவர் பக்கத்தைப் புரட்டி என்ன செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று சொல்லிவிடுவார். தூரத்தில் நின்றபடி கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கி அந்தப் பலகையைப் படம் எடுத்தால் அது வீண்வேலை இல்லை. இந்த ஒரு படத்துக்காகக் கைபேசியை எடுங்கள், கூட்டத்தைக் காட்டும் வீடியோவுக்காக வேண்டாம்.

பல பலகைகளில் இன்னொரு குறியும் உண்டு. ஹேஸ்கெம் குறி. 1970களில் லண்டன் தீயணைப்புப் படையில் உருவான முறை இது. பெட்ரோல் டேங்கரில் '3 ஒய் இ' என்று இருக்கும். முதல் எண் எதைக் கொண்டு அணைக்கலாம் என்பது: 1 என்றால் பருவெட்டான நீர்ப்பீய்ச்சு, 2 என்றால் நுண்ணிய நீர்த்தூவல், 3 என்றால் நுரை, 4 என்றால் உலர்தூள். இந்த 4-ஐ நான் எல்லோருக்கும் சொல்லிவைக்க விரும்புவேன். அதைப் பார்த்தால் தண்ணீர்க் குழாயைக் கீழே வைக்க வேண்டும். அடுத்த எழுத்து, மீட்பாளர் எந்தக் கவசம் போட வேண்டும், பொருள் வெடித்துச் சீறுமா, தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்யலாமா அல்லது அணைகட்டித் தேக்க வேண்டுமா என்று மூன்று செய்திகளை ஒரே எழுத்தில் அடக்கிச் சொல்கிறது. ஒய் என்றால் வெடித்துச் சீறக்கூடும் (பெட்ரோலில் இது தீப்பிடித்து வெடிப்பதைக் குறிக்கும், தண்ணீரோடு வரும் வினையை அல்ல), மூச்சுக்கருவி வேண்டும், தேக்க வேண்டும். கடைசியில் 'இ' இருந்தால் சுற்றியுள்ளவர்களை வெளியேற்றுவது பற்றி யோசிக்க வேண்டும். ஐரோப்பிய நாடுகளில் ஆரஞ்சுப் பலகையின் மேல்வரி எண்ணுக்கு முன்னால் 'எக்ஸ்' இருந்தால் தண்ணீர் ஆகாது என்று அர்த்தம்.

பலகை அழிந்துபோயிருக்கும், பழைய சரக்கின் பெயரே மாற்றாமல் இருக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஓட்டுநரிடம் சரக்கு பற்றிய அட்டை ஒன்று இருக்க வேண்டும். ஓட்டுநர் தப்பி ஓடிவிட்டால் அந்த அட்டை கேபினுக்குள் கிடக்கும், அதை எடுக்க யாரும் ஏறக் கூடாது. அப்போது பலகையிலுள்ள எண்ணுக்கு அழைத்து உறுதிசெய்துகொள்வது மீட்புப் படையின் வேலை.

கவசம் போட்டவர்கள் என்ன செய்கிறார்கள்

பயிற்சி பெற்ற குழு வந்ததும் உள்ளே பாயாது. பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாகக்கூட இருக்கும், ஏன் நின்றுகொண்டே இருக்கிறார்கள் என்று. அவர்கள் மூன்று வளையம் போடுகிறார்கள். கசிவைச் சுற்றி ஆபத்து வளையம். அதற்கு வெளியே, உள்ளே போய்வந்தவர்களைக் கழுவும் இடை வளையம். அதற்கும் வெளியே தலைமை, மருத்துவர், வண்டிகள் நிற்கும் பாதுகாப்பு வளையம். உள்ளே போகிறவர் இடை வளையம் வழியாகத்தான் போக வேண்டும், அதே வழியாகத்தான் திரும்ப வேண்டும். எப்போதும் இரண்டு பேராகப் போவார்கள். அவர்களுக்கு ஏதாவது ஆனால் இழுத்துவர, அதே கவசத்தோடு இன்னும் இரண்டு பேர் வெளியே தயாராக நிற்பார்கள். கழுவும் இடம் தயாராகாமல் யாரையும் உள்ளே அனுப்ப மாட்டார்கள்.

முகத்தில் மாட்டும் சாதாரண மாஸ்க் வாயுவுக்கு எதிராகக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முதுகில் அழுத்தக் காற்று சிலிண்டர், முகத்தில் இறுக்கமான கவசம், உடம்பு முழுக்க ரசாயனம் புகாத உடை. சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, சாதாரணக் காற்று. வேலைநேரம் அரைமணிச் சொச்சம்தான். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அந்த உடைக்குள் ஒருவர் எப்படி வெந்துபோவார் என்று யோசித்துப் பாருங்கள். வெளியே நிற்பவர்கள் கடிகாரம் பார்த்துக் கூப்பிடுவது அதற்கும் சேர்த்துத்தான். தமிழ்நாட்டில் அரக்கோணத்தில் இருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது அணியில் ரசாயன விபத்துக்கென்று பயிற்சிபெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதலில் வந்து சேர்வது பக்கத்துத் தீயணைப்பு நிலையம்தான்.

உள்ளே போனதும் வால்வை மூடப் பார்ப்பார்கள். முடியாவிட்டால் ஓட்டையை அடைப்பார்கள், ஓடுவதைத் தேக்குவார்கள், ஆவியைத் தணிப்பார்கள், மிச்சத்தை மட்டுப்படுத்துவார்கள். இதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தந்திரம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அம்மோனியாவை எடுத்துக்கொள்வோம். ஐஸ் பேக்டரி, மீன் பதப்படுத்தும் கூடம், உரத் தொழிற்சாலை எல்லாவற்றிலும் இருப்பது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன் எண்ணூரில் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து கசிந்ததும் இதுதான். பெரியகுப்பம் மக்கள் தூக்கத்திலிருந்து எழுந்து கண்ணும் தொண்டையும் எரிய ஓடினார்கள். அம்மோனியா தண்ணீரில் அபாரமாகக் கரையும். அதனால் வாயு மேகத்தின் மேல் நுண்ணிய நீர்த்திரை பிடித்தால் மேகம் கரைந்து கீழே இறங்கும். ஆனால் தரையில் தேங்கிக்கிடக்கும் திரவ அம்மோனியாவின் மேல் தண்ணீர் விழக் கூடாது. நமக்குக் குளிர்ந்த தண்ணீரே அதற்குக் கொதிநீர் மாதிரி. கரையும்போது வரும் வெப்பமும் சேர்ந்து குளம் முழுக்க ஆவியாகிவிடும். ஒரே தண்ணீர், ஒரே பொருள், இரண்டு அடி தள்ளி விழுந்தால் நேர்மாறான விளைவு.

குளோரின் வேறு மாதிரி. குடிநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் 100 கிலோ சிலிண்டரிலும், டன்னர் என்று சொல்லும் பெரிய உருளையிலும் வரும். ஒழுகும் இடத்தில் தண்ணீர் அடித்தால் அங்கே அமிலம் உண்டாகி இரும்பை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும். பழகிய ஆட்கள் முதலில் செய்வது உருளையைத் திருப்புவது. ஓட்டை மேல்பக்கம் வரும்படி. அடியிலிருந்தால் திரவமாக ஒழுகும், மேலிருந்தால் வாயுவாகப் போகும். ஒரு லிட்டர் திரவக் குளோரின் நானூறு லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். வெறுமனே உருட்டிவிடுவதால் கசிவு பல மடங்கு குறைகிறது என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் கணக்கு அப்படித்தான்.

கந்தக அமிலம் கொட்டினால் மண்ணாலோ மணலாலோ சுற்றி அணை கட்டித் தேக்கி, சுண்ணாம்புத்தூளோ சோடா சாம்பலோ ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுவார்கள். அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் கொதித்துத் தெறிக்கும். தேங்கிய அமிலத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது பாட்டியின் தொட்டியைத் திரும்ப நடத்திக்காட்டுவதுதான், இந்த முறை தெறிப்பது அமிலம். அது இரும்பில் பட்டால் ஹைட்ரஜனும் வரும் என்பதால் தீப்பொறியும் ஆகாது.

ஹைட்ரஜன் ஃபுளோரைடு இவற்றில் கொடியது. தென்கொரியாவின் குமி நகரில் 2012 செப்டம்பர் 27 அன்று டேங்கரிலிருந்து இறக்கும்போது கசிந்து 5 பேர் இறந்தார்கள். தொழிலாளர்கள் உரிய கவசம் போடவில்லை. சுற்றியிருந்த வயல்களில் பயிர் கருகியது. தோலில் பட்ட இடத்தில் ஆரம்பத்தில் வலியே இல்லாமலும் இருக்கலாம். உள்ளே ஊடுருவி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்குத் தண்ணீரோடு கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் வேண்டும். இந்தப் பொருளைக் கையாளும் இடத்தில் அந்தக் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில் இல்லையென்றால் அங்கே வேலை நடக்கக் கூடாது என்பது என் கருத்து.

வீட்டுக்குள் இருப்பவர்கள்

எப்போதும் வெளியே ஓடுவது சரியில்லை. மேகம் ஏற்கெனவே தெருவுக்கு வந்துவிட்டால் உள்ளே இருப்பதே மேல். கதவு, ஜன்னலைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகி, ஏசியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் நிறுத்தி, ஜன்னல் குறைவான உள்ளறைக்குப் போக வேண்டும். அம்மோனியா, குளோரின் மாதிரியானவற்றுக்கு ஈரத்துணியை மூக்கிலும் வாயிலும் வைத்தால் ஓரளவு உதவும். கொஞ்ச நேரத்துக்குத்தான், அதை நம்பி வெளியே சுற்றக் கூடாது.

தொழிற்சாலைப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு தகவல். 1989-ஆம் ஆண்டு ஆபத்தான ரசாயனங்கள் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி விதிகளின்படி, பெரிய அளவில் இவற்றை வைத்திருக்கும் ஆலை, விபத்தால் பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆபத்தின் தன்மையையும் செய்ய வேண்டியதையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்ற திட்டத்தை மாவட்ட அளவில் வைத்திருந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். உங்கள் தெருவில் அப்படி யாராவது வந்து சொன்னார்களா? சொல்லவில்லை என்றால் வார்டு கூட்டத்திலோ கிராம சபையிலோ எழுந்து கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

உடம்பில் பட்டால்

மேலே ரசாயனம் பட்டவரின் உடையைக் கழற்றுவதுதான் முதல் வைத்தியம். பெரும்பகுதி உடையோடு போய்விடும். தலைவழியாக இழுத்தால் முகத்தில் படும், கத்தரியால் வெட்டி எடுப்பது நல்லது. அந்த நேரத்தில் வெட்கம் பார்க்கக் கூடாது, சுற்றி நிற்பவர்கள் ஒரு போர்வையைத் திரையாகப் பிடித்தால் போதும். தூளாகப் பட்டிருந்தால் முதலில் உலர்ந்த துணியாலோ பிரஷாலோ தட்டிவிட வேண்டும், பிறகுதான் தண்ணீர். சுண்ணாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டியபிறகு கொஞ்சம் தண்ணீர் போதாது, கொட்டோ கொட்டென்று கொட்ட வேண்டும். அமிலம் பட்டால் குறைந்தது 15 முதல் 20 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும். கண்ணென்றால் இமையைப் பிரித்துப் பிடித்தபடி. அமிலத்தை முறிக்கிறேன் என்று தோலில் சோடா மாவையோ சுண்ணாம்பையோ தேய்க்க வேண்டாம், அந்த வினையின் வெப்பமே சுட்டுவிடும்.

அவரை எடுத்துச்செல்லும் ஆட்டோ, ஆம்புலன்ஸ், மருத்துவமனை வராந்தா எல்லாவற்றிலும் ரசாயனம் தொற்றிப் பரவும் என்பதால் கழுவல் சம்பவ இடத்திலேயே முடிய வேண்டும். அப்புறம் ஒன்று. நைட்ரிக் அமிலத்தின் செம்பழுப்புப் புகையை மூச்சில் இழுத்தவர் லேசாக இருமிவிட்டு, "ஒன்றுமில்லை, நல்லா இருக்கேன்" என்று வீட்டுக்குப் போய்விடுவார். பல மணிநேரம் கழித்து, சில சமயம் ஒரு நாள் கழித்து, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு அடைக்கும். மருத்துவர்கள் கண்காணிப்பில் வைக்கிறேன் என்றால் மறுக்காதீர்கள்.

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு, மீத்தைல் ஐசோசயனேட் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. வினை சூடேறி, சுமார் 40 டன் நகரத்தின் மேல் இறங்கியது. குளிர்விக்கும் இயந்திரம் முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. ஆலையின் நீர்த்திரை, வாயு வெளியேறிய உயரத்தை எட்டவில்லை. அன்று இரவு ஹமீதியா மருத்துவமனையில் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தவர்களைப் பார்த்த மருத்துவர்களுக்கு, இவர்கள் மூச்சில் இழுத்தது என்ன என்று தெரியாது. கண்ணுக்கு மருந்து விட்டார்கள், கையிலிருந்ததைக் கொடுத்தார்கள். அந்தப் பொருளுக்கும் ஒரு நான்கு இலக்க எண் உண்டு, 2480. அதனால் சொல்கிறேன், பலகையில் பார்த்த எண்ணைக் கைபேசியில் வைத்துக்கொண்டு நின்றுவிடாதீர்கள். ஒரு துண்டுத்தாளில் எழுதி, ஆம்புலன்ஸில் ஏற்றும்போது நோயாளியோடு கொடுத்தனுப்புங்கள். எத்தனை மணிக்குப் பட்டது என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.